எல்லாவற்றுக்கும் "மிகத் திருப்தி" என்று புள்ளடி போட்ட கதை



சென்ற இதழில் சம்பளச் சீட்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தேன். பலாரோ சந்தையில் கண்டபோது சிலர் மறித்து, பிரயோசனமாக இருந்தது என்று சொன்னார்கள். அவர்களுக்கு என் நன்றி. இம்முறை இன்னொரு கடதாசியைப் பற்றி எழுதுகிறேன். இது மாதாமாதம் வராது. எப்போதாவது ஒருநாள் வரும். "உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்கும். வந்து கொஞ்ச நாளான குடும்பங்கள் இதைக் கையில் எடுக்கும்போது எங்களைப் போல் பிழை விடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே இருக்கிறது. சாப்பாட்டுச் சாமான்களைப் போத்தலில் அடைத்துப் பெட்டி கட்டும் இடம். பொதி செய்யும் பகுதியில் எம்மவர் எட்டுப் பேர். சில வருடங்களுக்கு முன்னர் ஒருநாள், வேலை முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது, கப்போ வந்து ஆளுக்கொரு தாள் தந்தார். நாலு பக்கம். சம்பளம், வேலை நேரம், மேலாளர், கூட வேலை செய்வோர், வருங்காலத்தில் முன்னேற இடமுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஐந்து கட்டம். கடைசிக் கட்டம் "மொல்த்தோ சொத்திஸ்பாத்தோ", அதாவது மிகத் திருப்தி.

எங்களில் இத்தாலியனை வடிவாக வாசிக்கக் கூடியவர் ஒருவர்தான். அவரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு வில்லங்கம்? எல்லாத்துக்கும் கடைசிக் கட்டத்தில போடுங்கோ" என்றார். போட்டோம். ஐந்து நிமிடம் கூடச் செல்லவில்லை. கப்போ சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் பெரிய கஷ்டம் தூர்னோதான். அடுத்த கிழமை யாருக்கு எந்த நேரம் வேலை என்ற பட்டியல் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்குத்தான் வாட்சப்பில் வரும். விடிய ஐந்து மணிக்கா, பின்னேரம் இரண்டு மணிக்கா என்று அதுவரை தெரியாது. எங்களோடு ஒரு அக்கா வேலை செய்கிறார். அப்போது அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். கணவருக்கு உணவகத்தில் இரவு வேலை. ஒரு திங்கட்கிழமை விடிய அக்காவுக்கு வேலை விழுந்தது. கணவர் இன்னும் வரவில்லை. இப்போது வந்துவிடுவார் என்று நம்பி அக்கா புறப்பட்டுவிட்டார். அவர் வர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. ஆறு வயது மூத்தவன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இருந்து அழுதிருக்கிறான். கீழ்வீட்டுச் சிசிலியன் பாட்டிதான் இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் பால் கொடுத்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேர் அலுவலகத்துக்குப் போனோம். "பட்டியலை வியாழக்கிழமையே தாருங்கள், வேறொன்றும் வேண்டாம்" என்று கேட்டோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். கணினியைத் திருப்பி எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டினார். கலர் கலராகக் கோடுகள். "பாருங்கள், முழுத் தொழிற்சாலையிலும் மிகத் திருப்தியான பகுதி உங்களுடையதுதான். வேலை நேரத்துக்கும் முழுப் புள்ளி போட்டிருக்கிறீர்கள். நான் மேலிடத்துக்கு என்னவென்று சொல்வது?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. வெளியே வந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார். "தம்பி, எங்கட வாயில நாங்களே மண்ணை அள்ளிப் போட்டிட்டம்."

ஏன் அப்படிப் போட்டோம்? இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். மூன்று காரணம் தெரிகிறது.

முதலாவது பயம். தாளில் பெயர் இல்லாவிட்டாலும் எழுத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பார்கள், வேலை போகும், வேலை போனால் சொஜோர்னோவும் போகும் என்ற பயம்.

இரண்டாவது மரியாதை. கேட்பவரின் முகத்துக்கு நேரே குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. வேலை தந்தவரைக் குறை சொல்வது நன்றிகெட்ட செயல் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். தானமாய்க் கொடுத்த மாட்டைப் பல்லுப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் வேலை தானமாய் வந்த மாடு அல்லவே. எட்டு மணித்தியாலம் முதுகு வளைத்து அதற்கு விலை கொடுக்கிறோம். பல்லைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் பெரிது. நாங்கள் எதனோடு ஒப்பிடுகிறோம்? 2009 இல் மெனிக் பாம் முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கு வரிசையில் நின்றவனிடம், "உன் வேலையிடத்தில் தண்ணீர் வசதி திருப்தியா?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? மிகத் திருப்தி என்றுதான் சொல்வான். அது பொய்யல்ல. ஆனால் அவன் அளந்தது தொழிற்சாலையை அல்ல. முகாமிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை அளந்திருக்கிறான். பக்கத்தில் நிற்கும் சிசிலியன் தொழிலாளி தன் ஊர் நியாயத்தை வைத்து அளக்கிறான். இரண்டு அளவுகோலையும் ஒரே படத்தில் போட்டால், நாங்கள் சந்தோஷமாகவும் அவர்கள் கவலையாகவும் இருப்பது போலத் தெரியும். இருவருக்கும் ஒரே முதுகு வலிதான்.

எட்டுப் பேருக்கும் உண்மையில் என்ன மனக்குறை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தது. மொந்தே பெல்லெகிரினோ மலைக்குச் சாந்தா ரொசாலியா மாதாவிடம் போவது எம்மவரில் சைவம், வேதம் என்று பாராமல் எல்லோருக்கும் வழக்கம். "அக்கியானாத்தா" என்று பலெர்மோக்காரர் சொல்லும் அந்தப் பழைய கற்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். குளிரறைக்குள் கை விறைக்கிறது என்றார் ஒருவர். ஐந்து வருடமாக அதே இடத்தில் நிற்கிறேன், புதிதாக வந்தவனுக்கு மெசின் பழக்குகிறார்கள் என்றார் இன்னொருவர். கப்போ பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார் என்றார் மூன்றாமவர். அந்த நாலு பக்கத் தாளில் வந்திருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் மலைப்பாதையில் வந்தன. கேட்டவர் யார், கேட்ட இடம் எது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது என்று அன்று எனக்கு விளங்கியது.

இதைப் படித்தவர்கள் முன்னரே கண்டிருக்கிறார்கள் என்று பிறகு தேடி வாசித்தபோது அறிந்தேன். அமெரிக்காவில் றொபேட் ஹொப்பொக் என்பவர் 1935 இல் வேலைத் திருப்தி பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நியூ ஹோப் என்ற சிறிய ஊரில் வேலை செய்பவர்களைக் கேட்டு, திருப்தியை எண்ணால் அளக்க முயன்றார். 1955 இல் குனின் என்பவர் சிரித்த முகத்திலிருந்து வாடிய முகம் வரை படங்கள் வரைந்து, உன் மனநிலைக்கு ஏற்ற முகத்தில் அடையாளம் போடு என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். பாஷை தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு லேசு!

சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் என்ற இடத்தில் இருந்த பெரிய தொலைபேசிச் சாதனத் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000 க்கும் மேற்பட்ட தொழிலாளரோடு பேசிப் பார்த்தார்கள். முதலில் எழுதி வைத்த கேள்விகளைத்தான் கேட்டார்கள். தொழிலாளர்களோ கேள்வியை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே கேள்விகளை வைத்துவிட்டு, அவர்கள் போக்கில் பேச விட்டுக் கேட்டார்கள். மலைப்பாதையில் எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

ஹெர்ஸ்பேர்க் என்பவரும் அவருடைய நண்பர்களும் பிட்ஸ்பேர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர், கணக்காளரிடம் கேட்டு 1959 இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலையிட வசதி போன்றவை மோசமானால் ஆள் வெறுப்படைகிறான். அவை சரியாக இருப்பதால் மட்டும் அவன் மகிழ்ச்சி அடைந்துவிடுவதில்லை. மகிழ்ச்சி வருவது செய்த வேலை நன்றாக அமையும்போதும், அதை ஒருவர் மதிக்கும்போதும், பொறுப்புக் கிடைக்கும்போதும், மேலே போக வழி தெரியும்போதும்தான் என்றார்கள். இதை எல்லோரும் ஏற்கவில்லை. பிறகு பலர் மறுத்தும் எழுதினார்கள். ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. குளிரறைக்கு நல்ல கையுறை கேட்பது ஒன்று. மெசின் பழக்கு என்று கேட்பது வேறொன்று. இரண்டையும் "திருப்தியா?" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால் இரண்டும் காணாமல் போய்விடும்.

அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நாங்கள் வாழும் இந்தப் பலெர்மோவிலேயே ஏழைத் தொழிலாளரைத் தேடிப்போய்க் கேட்ட ஒருவர் இருந்தார். தனிலோ தொல்ச்சி என்று பெயர். 1924 இல் பிறந்து, வடக்கே படித்து, 1952 இல் பலெர்மோவுக்கு மேற்கே திராப்பெத்தோ என்ற மீனவ ஊருக்கு வந்து தங்கியவர். சத்தியாக்கிரக வழியில் நின்றதால் சிசிலியின் காந்தி என்று இவரைச் சொல்வார்கள். 1956 பெப்ரவரியில் பார்த்தினிக்கோவில் வேலையில்லாதவர்களைத் திரட்டி, பழுதான ஒரு தெருவைக் கூலியில்லாமல் திருத்தப் போனார். எங்களுக்கு வேலை செய்ய உரிமை உண்டு என்று காட்டுவதற்காகச் செய்த தலைகீழ் வேலைநிறுத்தம் அது. அதற்காகப் பொலிஸ் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது.

அந்த நாட்களில் அவரும் நண்பர்களும் பலெர்மோவின் கோர்த்திலே காஷீனோ போன்ற சேரிகளிலும் சுற்றூர்களிலும் நூற்றுக்கணக்கானவர்களைச் சந்தித்தார்கள். போன வருடம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வேலையில்லாத நாளில் எப்படிச் சீவிக்கிறாய், வேலையின்மை தீர என்ன செய்யலாம் என்றெல்லாம் கேட்டார்கள். வந்த பதிலை அந்த மனிதரின் வாய்ச்சொல்லாகவே எழுதி, "இன்கியெஸ்தா ஆ பலெர்மோ" என்ற புத்தகமாக்கினார்கள். 1958 இல் அதற்கு வியரெஜ்ஜோ பரிசு கிடைத்தது. "திருப்தியா?" என்று கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு அவர் போகவில்லை. எத்தனை நாள், என்ன வேலை என்று கேட்டார். என்ன செய்யலாம் என்றும் அந்த ஏழையிடமே கேட்டார். கேள்வி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வேலைத் திருப்தியை அளக்க வேண்டுமென்று இத்தாலியில் தனிச் சட்டம் இல்லை. நிறுவனம் விரும்பினால் கேட்கும். ஆனால் வேலையால் வரும் மன அழுத்தத்தை மதிப்பிடுவது கட்டாயம். 2008 ஆம் ஆண்டின் 81 ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. 2010 டிசம்பர் 31 இலிருந்து அந்தக் கடமை நடைமுறைக்கு வந்தது. முதற்கட்டத்தில் கணக்குகளைப் பார்ப்பார்கள். எத்தனை விபத்து, எத்தனை பேர் சுகவீன லீவு, எத்தனை பேர் விட்டுப் போனார்கள், எத்தனை முறைப்பாடு என்பவை அதில் வரும். வேலையில் கை வெட்டுப்பட்டதை வீட்டில் வெட்டுப்பட்டது என்று சொல்பவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களின் காயம் இந்தக் கணக்கிலும் வராது. செய்த திருத்தங்கள் பலன் தராவிட்டால் இரண்டாம் கட்டமாகத் தொழிலாளரையே கேட்பார்கள். அதற்காக இனாயில் நிறுவனம் தந்துள்ள தாளில் 35 வசனங்கள். பிரித்தானியாவில் பாவித்த தாளிலிருந்து எடுத்தது.

எங்கள் தொழிற்சாலையிலும் பிறகு அந்தத் தாள் வந்தது. இம்முறை தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்த சிசிலியன் அம்மாவிடம் முன்கூட்டியே போனோம். மலைப்பாதையில் கதைத்ததைச் சொன்னோம். "வெளிநாட்டுத் தொழிலாளிக்கு விளங்கும் பாஷையில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது" என்று அவர் அலுவலகத்தில் வாதாடினார். சாப்பாட்டு அறையில் ஒரு மணித்தியாலம் தந்தார்கள். கப்போ உள்ளே வரவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னோம். தமிழர் என்று தனியாகப் பிரிக்காமல் முழுப் பகுதியின் தாளையும் ஒரே பெட்டியில் போட வேண்டும் என்று கேட்டோம். எட்டுப் பேரைத் தனியே பிரித்தால் யார் என்று சிறுபிள்ளைக்கும் தெரிந்துவிடும் அல்லவா?

அன்று ஒரு வேடிக்கையும் நடந்தது. வயதான அண்ணை ஒருவர் பழைய பழக்கத்தில், விளக்கம் தொடங்க முன்னரே கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாகப் புள்ளடி போட்டுவிட்டார். இந்தத் தாளில் கடைசிக் கட்டம் "எப்போதும்". அவர் தாளின்படி அவருக்கு எப்போதும் உதவி கிடைக்கிறது. எப்போதும் அவமதிக்கவும் படுகிறார்! வாசித்துக் காட்டியபோது அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புதுத் தாள் வாங்கி, முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அரை மணித்தியாலம் இருந்து எழுதினார்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இப்போது பட்டியல் வியாழக்கிழமை வருகிறது. குளிரறைக்குள் ஒருவரே முழுநாளும் நிற்பதில்லை, முறை மாற்றி நிற்கிறோம். மெசின் பழக்க எம்மவர் இருவரை எடுத்தார்கள். லைனின் வேகம் குறையவில்லை. சம்பளமும் அப்படியேதான். கப்போ இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; பெயரைப் பிழையாகத்தான் சொல்கிறார், அது பரவாயில்லை. அக்காவின் மூத்தவன் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறான்.

சொஜோர்னோ பயத்துக்கும் ஒரு வார்த்தை. அகதி அந்தஸ்திலோ துணைப் பாதுகாப்பிலோ சொஜோர்னோ வைத்திருப்பவர்களுக்கு அது வேலையைப் பொறுத்ததல்ல. தொழில் சொஜோர்னோ வைத்திருப்பவரும் வேலை போனவுடன் அதை இழப்பதில்லை. வேலை தேடுபவராகப் பதிந்து, குறைந்தது ஒரு வருடம் தேடலாம். 2012 இல் ஆறு மாதத்தை ஒரு வருடமாக்கினார்கள். பருவகால வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. உங்கள் விஷயத்தைப் பத்ரோனாத்தோவில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்துங்கள். அரசியல், சமயம், தொழிற்சங்கம் பற்றிய உங்கள் கருத்தை முதலாளி விசாரிக்கக் கூடாது என்று 1970 ஆம் ஆண்டின் 300 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அப்படியொரு கேள்வி தாளில் இருந்தால் வெறுமையாக விடலாம்.

பலெர்மோவில் எம்மவர் பலர் வீடுகளில்தான் வேலை செய்கிறார்கள். வீட்டு வேலைக்கு அந்த 81 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தாது. அவர்களிடம் ஒருவரும் தாள் கொண்டுவந்து கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது ஒரு ஐம்பது சதக் கொப்பி. எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எத்தனை மணிக்கு விட்டார்கள், என்ன செய்தேன் என்று தினமும் இரண்டு வரி. வீட்டோடு தங்கி முழுநேரம் வேலை செய்பவருக்குக் கிழமைக்கு 54 மணித்தியாலம், வந்து போகிறவருக்கு 40 என்பது வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தம் வைத்துள்ள எல்லை. மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். "திருப்தியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தக் கூட்டுத்தொகை உதவும்.

கடைசியாக, தாள் கையில் வந்தால் இவற்றை ஞாபகத்தில் வையுங்கள். விளங்காமல் ஒரு கட்டத்திலும் போடாதீர்கள். விளக்கம் கேளுங்கள், நேரம் கேளுங்கள். பெயர் தெரியாமல் இருக்குமா, யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். நல்லதை நல்லது என்றே போடுங்கள். எங்கள் தாளிலும் கூட வேலை செய்வோருக்கு முழுப் புள்ளி போட்டோம், அது உண்மை. ஊரில் பட்டதோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் நின்று அதே வேலை செய்பவரோடு ஒப்பிடுங்கள். பிறகு, முடிவு என்ன, எதை மாற்றப் போகிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அம்மா சொல்வார். நாங்கள் அழவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில் போட்டால் போதும்.

அடுத்த இதழில், வேலையில் காயம் பட்டால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை வணக்கம்.